எலும்பு பிரஷ்ஷும் டீத்தூளும்

சாங்வி போகும் பஸ்ஸில் நான் ஏறியதும் லேபிலிருந்து நித்யா அழைத்தாள்.

"ட்ரேல அந்த எலும்பு பிரஷ்ஷக் காணோம்டி. சார் இப்ப வந்துருவாரு."

அகழாய்வில் கிடைத்த பல் பிரஷ் அது. யாரோ கையால் செதுக்கியது. மயிரெல்லாம் போய்த் துளைகள்தான் மிச்சம்.

மதியம் பானை ஓடுகளைப் பழைய பல் பிரஷ்களால் தேய்த்துக் கழுவினோம். முடிந்ததும் ட்ரேயில் கிடந்த தேய்ந்த பிரஷ்களை அள்ளிக் குப்பையில் போட்டது நான்தான்.

இறங்கி ஓடினேன். வாசலில் துப்புரவு வேலை செய்யும் மராத்தி அம்மா, மாவ்ஷி, குப்பைப் பையை முடிந்துகொண்டிருந்தார்.

யாரோ கொட்டிய டீத்தூளுக்குள் எலும்பு பிரஷ் கிடந்தது. உடையவில்லை.

மாவ்ஷி அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இந்த ஓட்டம்? புதுசு வாங்கிக்கோ, பேட்டா" என்றார்.

துடைத்து ட்ரேயில் வைத்துவிட்டேன்; சாரிடம் இன்னும் சொல்லவில்லை. பிரஷ்ஷின் அந்தக் காலச் சொந்தக்காரர் டீ குடிப்பவர் என்று ஆய்வில் வந்தால், அப்போதாவது சொல்லிவிடவா?