ரீச்சர் தங்கச்சி வாக்கு எண்ணிய நாள்

அம்மா போனதிலிருந்து என் போனில் சத்தம் வைப்பதில்லை. அம்மாவுக்கு வருத்தம் கடுமை என்று ஊரிலிருந்து சித்தி சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது. மறுபடி மணி அடித்தபோது அம்மா இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்குப் பயம்.

பாரிஸில், லா சப்பலில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிற அக்கா பிலிப்பீன்ஸ்காரர். எங்களுக்குள் அரைகுறைப் பிரெஞ்சுதான். ஆனாலும் அவர் பேசியது என் காதில் எங்கள் பேச்சாகவே விழும், அப்படியே எழுதுகிறேன்.

அன்று காலை அவருடைய போன் உடைந்துபோயிருந்தது.

"தம்பி, உன்ர போனைத் தாறியோ? இண்டைக்கு எங்கட ஊரில எலெக்சன். தங்கச்சிதான் வோட்டு எண்ணுறாள்."

"அவ பள்ளிக்கூட ரீச்சரெல்லோ?"

"ஓம், எங்கட நாட்டில ரீச்சர்மார்தான் எண்ணோணும்."

சனாதிபதித் தேர்தலுக்கு மெஷின் எண்ணும். அதற்கு அக்கா பாரிஸிலிருந்தே வாக்குப் போட்டவர். ஊர்த்தலைவர் தேர்தல் அப்படியில்லையாம். பெயரைக் கையால் எழுத வேண்டும். வாக்குப் போட்ட அதே வகுப்பறையில் ஒரு ரீச்சர் சீட்டுகளை உரத்து வாசிக்க, இன்னொருவர் சுவரில் ஒட்டிய தாளில் கோடு போடுவார். சனம் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்க்கும். அவர்கள் ஊரில் அப்பா, மகன், மருமகள் என்று ஒரே வீட்டுக்காரர்தான் தலைவர். இந்த முறை ஒரு மீன்காரன் எதிர்த்து நின்றான்.

"எலெக்சன் நேரம் துவக்கு கொண்டு திரியக்கூடாதெண்டு சட்டம். ஆர் கேக்கிறது? சுடுறவங்கள் சுடத்தான் செய்யிறாங்கள்," என்றார் அக்கா.

சமையல் அண்ணை வடைக்குப் பருப்பு அரைத்தபடி சிரித்தார். "எங்கட ஊர்ச்சங்கத் தேர்தலுக்கு வரச்சொல்லு. துவக்கில்லை, இருக்கிற கதிரைதான் பறக்கும்."

அக்கா சிரிக்கவில்லை.

தங்கச்சியின் புருஷன் ஜன்னலுக்கு வெளியே நின்று எண்ணுவதை வீடியோவில் காட்டினார். அங்கே பொழுதுபட்டிருந்தது. தங்கச்சி தொண்டை கட்டிய குரலில் வாசித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று திரை கறுத்தது. ஆட்கள் கத்தினார்கள். லைன் அறுந்தது.

"கரண்டை நிப்பாட்டிப்போட்டாங்கள்," என்றார் அக்கா. "போன முறை பக்கத்து ஊரில இப்பிடித்தான். இருட்டில வோட்டுப் பெட்டியைத் தூக்க வந்தவங்கள். விடமாட்டனெண்ட ரீச்சரைச் சுட்டுப்போட்டாங்கள்."

திரும்பத் திரும்ப அடித்தோம். போகவில்லை.

"சத்தத்தைப் போடு தம்பி. அவையள் திருப்பி எடுத்தால் தெரியோணும்."

போட்டேன். மா டின்னுக்குப் பக்கத்தில் போனை வைத்துவிட்டு வெங்காயம் வெட்டினேன். அக்கா கழுவிய தட்டையே மறுபடி கழுவினார். மணி அடிக்க வேண்டும் என்றும் இருந்தது, அடிக்கக் கூடாது என்றும் இருந்தது.

அடித்தது. அக்கா அசையவில்லை. என்னாலும் முடியவில்லை.

"எடுங்கோவன்!" என்று அண்ணை கத்தினார்.

வெங்காயக் கையால் அமத்தினேன். ஒரு பெண் மூச்சு வாங்கப் பேசினாள். தங்கச்சிதான். அக்கா அப்படியே தரையில் குந்திவிட்டார்.

"பெட்டிக்கு மேல ஏறி இருந்தவளாம், விசரி. சனம் ஜன்னலாலை போன் வெளிச்சம் அடிக்குதாம். இனி விட்ட இடத்திலயிருந்து வாசிக்கப் போறாளாம்."

"அப்ப இன்னும் முடியேல்லையே?"

"இல்லை. சத்தத்தை நிப்பாட்டாதை."

இடையில் தக்காளிக்காரன் போன் அடித்தான். இரண்டு பேரும் துள்ளி விழுந்தோம். அண்ணை அவனை நல்லாய் ஏசினார்.

மத்தியானச் சாப்பாட்டுச் சனம் போனபிறகுதான் செய்தி வந்தது. மருமகள்தான் மறுபடி வென்றாளாம்.

"ஆர் வெண்டா எனக்கென்ன," என்றார் அக்கா. "தங்கச்சி பத்திரமா வீட்டை வந்து சேந்திட்டாள்."

போனைத் துடைத்துத் தந்தார். சத்தத்தை நிறுத்தக் கை போனது. பின்னேரம் ஊரிலிருந்து சித்தி கூப்பிடுவார் என்று நினைவு வந்தது. அப்படியே விட்டேன். பயம் போகவில்லை.