ஈறு வைத்த லென்ஸ்

என் வேலை செயற்கைப் பல் செய்வது. திருவண்ணாமலையில் பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். மாடியில் இருக்கும் என் லேபில் பல்செட் செய்து கொடுப்பேன். கீழே பழைய பித்தளைச் சாமான் விற்கும் பாயின் கடை. ஒருநாள் காலை அவர் மூச்சிரைக்க மாடியேறி வந்து, என் மேஜையில் கனமான பித்தளைக் குழாய் ஒன்றை வைத்தார்.

"மேடம், குடம் சொம்போட சேர்ந்து வந்துட்ச்சு. உள்ள கண்ணாடி ஆடுது. இன்னான்னு பாருங்க."

எனக்கும் தெரியவில்லை. சென்னையில் படிக்கும் மகளுக்கு வீடியோ காலில் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தாள். "அம்மா, அது பெட்டி மாதிரி இருக்குற பழைய பெரிய கேமராவோட லென்ஸ். வித்துடாதீங்க!"

பாய் விற்கும் எண்ணத்தையே விட்டுவிட்டார். "அப்ப ஒரு போட்டோ எடுத்துப் பார்த்துடலாம்" என்றார். இருவரும் அதுவரை கைப்பேசி தவிர வேறெதிலும் படம் எடுத்ததில்லை.

முன்பக்கக் கண்ணாடியின் வளையம் இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, சைக்கிள் ட்யூபைச் சுற்றிப் பிடித்துத் திருகியதும் கழன்றது. கண்ணாடிகளில் சிலந்தி வலை போலப் பூஞ்சை. பஞ்சில் மருந்து தொட்டு நான் மெல்லத் துடைக்கத் துடைக்க, எதிர்ச்சுவரின் காலண்டர் அதற்குள் குட்டியாகத் தெரிந்தது. பின்பக்கக் கண்ணாடியை இறுக்கிப் பிடிக்கும் மரை வளையம்தான் இல்லை. அதனால்தான் அந்த ஆட்டம். பாய் ஊரெல்லாம் தேடிவிட்டு, பைப் கடையிலிருந்தும் வெறுங்கையோடு திரும்பினார்.

அப்போதுதான் நான் கையில் பிசைந்துகொண்டிருந்த பொருளைப் பார்த்தேன். பல்செட்டில் ஈறு செய்யும் மாவு அது. எந்த வடிவத்தில் அழுத்துகிறோமோ அதே வடிவில் இறுகிவிடும். கண்ணாடியை எடுத்துவிட்டு, குழாயின் மரையில் வாசலின் தடவி, மாவை வளையமாக அழுத்தினேன். இறுகியபின் திருகினால் அசையவே இல்லை. வாசலின் போதவில்லை. துண்டு துண்டாக உடைத்து எடுக்க வேண்டியதாயிற்று. மரை தேய்ந்துவிட்டதோ என்று நகத்தால் நெருடிப் பார்த்தேன். தேயவில்லை. மறுமுறை தாராளமாகத் தடவினேன். இறுகிய வளையத்தைத் திருகினேன்; சுகமாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது.

பாய் அதை விரலில் மாட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னா மேடம், லென்ஸுக்கு ஈறு வெச்சிட்டீங்க?"

அசல் ஈறு நிறம்தான். கரும்பலகைக்கு அடிக்கும் பெயின்டைப் பூசி மறைத்து, கண்ணாடியை வைத்து இறுக்கினேன். லென்ஸின் நடுவில் இருந்த பிளவில் செருக, ஓட்டை போட்ட தகடு ஒன்று தேவை என்று மகள் சொல்லியிருந்தாள். வெளிச்சத்தைக் கம்மி பண்ணுவதற்காம். அதை பாய் பித்தளையில் வெட்டினார். கேமராவுக்கு பிரிஜ் வந்த அட்டைப்பெட்டி. லென்ஸ் மூடிக்கு டிபன் பாக்ஸ் மூடி. பெட்டியின் பின்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டி மொட்டைமாடியில் வைத்து, தலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்த்தேன். மலை தலைகீழாகத் தொங்கியது. அடியில் மேகம் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. தினமும் துணி காயப்போடும்போது பார்க்கிற மலைதான், ஆனாலும் போர்வைக்குள் தனியாக நின்று "ஐயோ!" என்று கத்திவிட்டேன். பாய் போர்வையைப் பறிக்காத குறை.

பிலிமுக்கு, தெரிந்த எக்ஸ்ரே சென்டரில் காலாவதியான எக்ஸ்ரே பிலிமும் அதைக் கழுவும் மருந்தும் கிடைத்தன. இருட்டில் டிரேசிங் பேப்பரை எடுத்துவிட்டு அங்கே பிலிமை ஒட்டி, வெளிச்சம் புகாமல் மூடினேன். முதல் படத்துக்கு பாயும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு இஷ்டமே இல்லை, அடுப்பில் வேலையாம்.

"ஆடாத. கண்ண மூடாத. சிரிக்காத" என்று பாய் அவருக்கு உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தார்.

"நீங்க வாய மூடுங்க மொதல்ல" என்றார் அக்கா.

மூடியை எடுத்தேன். மனதுக்குள் பத்து வரை எண்ணி முடித்து மறுபடி மூடினேன். லேபின் ஸ்டோர் ரூமில் கதவிடுக்கெல்லாம் துணி அடைத்து, சிவப்பு பல்ப் வெளிச்சத்தில் பிலிமை மருந்தில் ஆட்டினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கறுப்பாக ஒரு முகம் எழும்பி வந்தது. காய்ந்ததும் கைப்பேசியில் எடுத்து, கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியும்படி நிறத்தைத் திருப்பிப் போட்டேன்.

முறைத்தபடியே அசையாமல் இருந்த அக்கா, முக்காட்டு ஓரத்துப் பூவேலை வரைக்கும் துல்லியமாக வந்திருந்தார். பக்கத்தில் பாய்க்கு இரண்டு தலை. அக்கா ஆடுகிறாரா என்று பாதியில் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "ஒரு தலையவே சமாளிக்க முடியல, இதுல ரெண்டா!"

அன்று சாயங்காலமே கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தங்கைகளுக்கு அந்தப் படத்தை அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வேன் பிடித்து, புதுப்புடவையில் மாடிப்படி முழுக்க வந்து நின்றார்கள். எடுபிடி வேலை, மூடி திறக்கும் வேலை எல்லாம் பாய்க்கு. படத்தில் உட்கார மட்டும் அக்கா அவரை விடவில்லை.