ஓடக்காரியிடம் இருந்த குரல்

பக்கத்து வீட்டுத் தங்கச்சி தையல் வேலை செய்கிறவள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து அவள் வீட்டுக்காரர் சாப்பிட்டுப் படுத்ததும், போனை எடுத்துக்கொண்டு என் குசினி அடுப்படிக்கு வந்துவிடுவாள். வாராவாரம் போனில் வரும் படக்கதை ஒன்றை இருவரும் சேர்ந்து வாசிப்போம். துண்டு துண்டாகச் சிதறிப்போன ஒருவன் தன் பாகங்களைத் தேடி ஊர் ஊராகப் போகிறான். நிழலைக் கிணற்றிலிருந்து எடுத்தான், கோபத்தைக் கொல்லன் உலையிலிருந்து எடுத்தான். குரல் மட்டும் பாக்கி. அது ஆற்றங்கரையில் ஓடம் விடுகிற ஒருத்தியிடம் இருந்தது.

கதையைவிட, வாசிக்கிறவர்கள் அதன் கீழே எழுதும் ஊகங்கள்தான் தங்கச்சிக்குப் பிடிக்கும். ஓடக்காரி திருடி என்றுதான் முக்கால்வாசிப் பேர் எழுதியிருந்தார்கள். குரல் கிடைத்ததும் அவன் கெட்டவனாகிவிடுவான் என்று ஒருவர்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க அக்கா?"

"யாரும் திருடல. அவனேதான் குடுத்திருப்பான்."

"சொந்தக் குரலயா? பைத்தியமா அவனுக்கு?"

என் அக்காவை நினைத்துக்கொண்டேன்.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்புக்கும் ஒரே அறை. பாடம் நடத்துகிற சேர் என்னிடம் கேட்கிற கேள்விக்கெல்லாம் அக்காதான் எழும்பிப் பதில் சொல்வாள். "ஏன், இவளுக்கு வாயில்லையா?" என்பார். "இருக்குங்க சேர், நான்தான் வச்சிருக்கேன்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு அது எவ்வளவு சுகமாக இருந்தது! கடைக்குப் போனாலும் அவள்தான் பேசுவாள், நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன். சில வருஷம் கழித்து அவள் கல்யாணம் கட்டி, மாத்தளை ஸ்டேஷனில் ரயிலேறி, பிறகு கப்பலில் இந்தியாவுக்குப் போய்விட்டாள். அதன்பிறகு நாலு பேர் முன்னால் நான் பேசியதில்லை. அவளுக்குக் கடிதம் மட்டும் எழுதினேன், அவள் சாகும்வரை.

ஓடக்காரியைத் திருடி என்று சொல்லச் சொல்ல, என் அக்காவைச் சொன்ன மாதிரி இருந்தது. இரண்டு நாள் யோசித்து, கொப்பியில் ஒரு பக்கம் எழுதித் தங்கச்சியிடம் நீட்டினேன். வலது மூலையில் வீட்டு விலாசம். கீழே, "அன்புள்ள தம்பிக்கு, நலம், உன் நலமறிய ஆவல். அவள் தனியாக ஆற்றில் கிடந்தாள் என்று நீதான் உன் குரலைக் கொடுத்தாய். மறந்துவிட்டாய். அவளிடம் கோபப்படாதே."

"அல்லாஹ்வே! படத்தில இருக்கிறவனுக்குக் கடுதாசியா? வெலாசம் வேற!"

கடிதம் என்றால் அப்படித்தானே எழுத வேண்டும்? எனக்கு வேறு எழுத்துத் தெரியாது. அவள் விலாசத்தின்மேல் பெருவிரலை வைத்துப் படமெடுத்து, மற்றவர்களுடைய ஊகங்களுக்குக் கீழே போட்டுவிட்டாள்.

மறுநாள் பார்த்தால் ஒரே சிரிப்பு முகங்கள். 'அம்மா, அவன் தபாலுக்குப் பதில் போட மாட்டான்' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

"அழிச்சிடு தங்கச்சி. மானம் போகுது."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க. நீங்க சொன்னது சரியா வந்தா இவங்க வாயெல்லாம் அடைபட்டுடும்."

வெள்ளிக்கிழமை வந்தது. ஓடக்காரி திருடிதான். அவன் அவள் தொண்டையிலிருந்து குரலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். கடைசிப் படத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தோத்துட்டீங்களே அக்கா," என்றாள் தங்கச்சி, பாவமாக.

நான் கொப்பியை எடுத்தேன்.

"திரும்பவும் அவனுக்கா?"

"அவனுக்கு என்னத்துக்கு? இது ஓடக்காரிக்கு."

அன்புள்ள அக்காவுக்கு என்று தொடங்கினேன். கதை எழுதினவர்களுக்குத் தெரியவில்லை, நீங்கள் திருடவில்லை என்று எழுதினேன். எழுதி முடித்து, தங்கச்சிக்கு நானே சத்தமாக வாசித்துக் காட்டினேன்.