நாலு பேருக்கும் ஒரே படகு

எங்கள் வீட்டில் யாரும் தனித்தனியாக எங்கேயும் போனதில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் மாமா வீட்டு விசேஷம் என்றாலும் நாலு பேரும், மூன்று பைகளும், அம்மாவின் சீர்த்தட்டும் ஒரே ஆட்டோவில் ஏறியாக வேண்டும். "ரெண்டு ஆட்டோ வச்சுக்கலாம்" என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்பா அதற்கு ஒப்புக்கொண்டு கேட்டதில்லை. தாம்பரத்தில் மின்சார ரயிலின் லேடீஸ் பெட்டி காலியாக வந்து நின்றாலும் எங்களுக்கு அது கிடையாது. கூட்டம் பிதுங்கும் பொதுப் பெட்டியில் அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்.

ஒருமுறை அம்மா விளையாட்டாக, "நாங்க முன்னாடி போறோம், நீங்க அடுத்த வண்டில வாங்க" என்று சொல்லிவிட்டாள். அப்பா ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஊரு ஒரு வழின்னா இடும்பன் ஒரு வழி" என்று அம்மா பாத்திரத்தோடு பேசிக்கொண்டே தேய்த்தாள். அப்பா சரியான கஞ்சர் என்பது மாமா வீட்டாரின் தீர்ப்பு. பத்து வயதில் எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது.

மற்றபடி அப்பா நல்ல மனிதர். குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. கையில் எப்போதும் எண்ணெய் வாசனை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் என்னையும் தம்பியையும் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்துக்குக் கூட்டிப்போய் ராமேஸ்வரம் வண்டி வருவதைக் காட்டுவார். "இத இன்னும் போட் மெயில்னுதான் சொல்றாங்க. போட்டு எங்க போச்சுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது" என்று ஆரம்பிப்பார். அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு கதைதான். ஆனால் அதை அவரைப் போலச் சொல்ல ஆள் இல்லை.

அந்தக் காலத்தில் எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கினால் கொழும்பு வரைக்கும் போகலாமாம். ரயில் தனுஷ்கோடியில் கடலோரம் போய் நிற்கும். இறங்கி நாலு எட்டு வைத்தால் கப்பல். அந்தக் கரையில் இறங்கினால் இன்னொரு ரயில். புயல் ஒன்று வந்து தனுஷ்கோடியையும் அதன் துறையையும் தின்றுவிட்டது. பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்தே போய் வந்தது. மேப்பில் பார்த்தால் நடுவில் இருக்கிற கடல் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. அப்பாவின் பாட்டன்மார் ஆளுக்கொரு கம்பளியோடு தேயிலை பறிக்க அந்தக் கடலைத் தாண்டிப் போனார்கள். எங்கள் தாத்தா குடும்பத்தோடு, கவர்ன்மெண்ட் காகிதத்தோடு, அதே கடலைத் தாண்டித் திரும்பி வந்தார். அப்போது அப்பாவுக்குப் பத்து வயது. பாட்டி இடுப்பில் கைக்குழந்தையாக ஒரு சித்தப்பா.

அப்பாவின் கதையில் முதலில் ரயில் வரும். மலையிலிருந்து இறங்கி ராத்திரி முழுக்க மன்னாரை நோக்கிப் போகிற ரயில். அப்பா தன் அக்கா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது, அக்கா பேப்பரில் சுற்றி வைத்திருந்த ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், விடிந்ததும் "எந்திரிடா, கடலப் பாரு" என்று அக்கா உலுக்கியது. அப்புறம் கப்பல். பெயிண்ட் வாசனை அடிக்கிற கம்பி, வாந்தி எடுக்கிற பெண்கள், டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து அசையாத தாத்தா, தூரத்தில் முளைத்து வருகிற ராமேஸ்வரம் கோபுரம். நான் கட்டிலைக் கப்பலாக்கி அதன் கேப்டன் ஆவேன். தம்பி சங்கு ஊதுவான். நான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தால், "கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாது. நான் கப்பல்ல வந்தவன், சொல்றேன்" என்று கையைத் தட்டிவிடுவார். என் அப்பாவுக்குத் தண்ணீர் என்றால் பயமே கிடையாது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. நாங்கள் முடிச்சூர் பக்கம் கீழ் போர்ஷனில் குடியிருந்தோம். மாடியில் வயசான வீட்டுக்காரரும் அவர் மனைவியும். ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள், உடைந்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். எதுவானாலும் விடியற்காலையில் தண்ணீர் எங்கள் கதவுக்கு அடியில் நுழைந்தது. ஒரு மணி நேரத்தில் கேஸ் சிலிண்டர் மிதந்து வந்து பீரோவில் இடித்தது. அந்தச் சத்தத்தில்தான் எனக்கு முதல் பயம் வந்தது. அப்பா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிப்படிக்கட்டு வழியாக எங்களை மாடியில் ஏற்றினார். தம்பிக்கு ஏற்கெனவே இளைப்பு. குளிரில் அவன் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்திருந்தது. மூச்சுக்கு இழுக்கிற மருந்து கீழே தண்ணீரில் போய்விட்டது.

பத்து மணி வாக்கில் எங்கள் தெருவுக்குள் ஒரு படகு வந்தது. கோவளம் பக்கத்திலிருந்து லாரியில் ஏற்றி வந்த மீன்பிடிப் படகு, பச்சை வர்ணம், உள்ளே இன்னும் வலை வாசனை. மளிகைக் கடை ஷட்டரின் மேல் பாதி மட்டும் தெரிகிற தெருவில், ஸ்கூட்டர் போகிற இடத்தில், அது சாவகாசமாக வந்தது. முன்னால் ஒருவர் கம்பு ஊன்ற, பின்னால் ஒருவர் துடுப்புப் போட, உள்ளே ஏழெட்டுப் பேர். படிக்கட்டை ஒட்டி நிறுத்தினார்கள்.

"இன்னும் அஞ்சு பேருக்குத்தான் எடம் கீது. பொம்பளைங்க, புள்ளைங்க, வயசானவங்க ஏறுங்க. சாரு அடுத்த டிரிப்ல வரட்டும்" என்றார் கம்பு பிடித்தவர்.

வீட்டுக்காரர் தன் மனைவியோடு ஏறினார். அம்மா ஏறினாள், நான் ஏறினேன். அப்பா தம்பியைத் தூக்கி அம்மா மடியில் கொடுத்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. படகுக்காரர் கம்பை ஊன்றித் தள்ளப்போகும்போது, "கவலப்படாத சார், அரை அவர்ல வந்துடுவேன். அடுத்த டிரிப் உனுக்குத்தான்" என்றார்.

அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஏலாது" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. "ஏலாது. போனா எல்லாரும் ஒண்ணா போவணும். இல்லாட்டி ஏலாது."

"இன்னா சார் பேஜார் பண்ற? ஓவரா ஏத்துனா கவுந்துடும். கைய எடு."

அப்பா கையை எடுக்கவில்லை. மாறாக, தம்பியை அம்மா மடியிலிருந்து பிடுங்கினார். பிறகு என்னை. அம்மா இறங்க மாட்டேன் என்றாள். அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவர் அம்மாவை அப்படி இழுத்து நான் பார்த்ததே இல்லை. படகு ஒருபக்கமாகச் சாய, உள்ளே இருந்தவர்கள் அவரைத் திட்டினார்கள். அம்மா பாதி விழுந்து, நனைந்து, படிக்கட்டுக்கு வந்தாள். வீட்டுக்காரர் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "அவருக்குத் தண்ணின்னா பயம் போல. விடுங்க, போலாம்."

படகு போய்விட்டது. அரை மணி நேரத்தில் எதுவும் வரவில்லை. ஒரு மணி நேரத்திலும் வரவில்லை.

அன்று பகல் முழுக்க நான் பயந்த மாதிரி என் வாழ்க்கையில் பிறகு பயந்ததில்லை. படிக்கட்டில் மொத்தம் பதினாறு படி. மதியத்துக்குள் ஒன்பது படி தண்ணீருக்குள் போய்விட்டது. நான் மேலே உட்கார்ந்து மிச்சப் படிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்தாவது படியில் ஒரு பாம்பு வந்து சுருண்டுகொண்டது. அதற்கும் போக்கிடம் இல்லை. தம்பியின் மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா எலும்பு தனித்தனியாகத் தெரிந்தது. உதடு வெளுத்துப்போயிருந்தது. அவன் செத்துவிடுவான் என்று நான் உறுதியாக நம்பினேன். அதற்கு அப்பாதான் காரணம் என்றும் நம்பினேன்.

அம்மா ஒரே ஒரு முறைதான் பேசினாள். "புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, ஒண்ணா இருந்தோம்னு சொல்லிக்கினு நீயே சந்தோஷமா இரு" என்றாள். அப்பாவை அவள் அதுவரை ஒருமையில் அழைத்ததில்லை. அப்பா மாடிச் சுவரில் சாய்ந்து கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கையைத் தட்டிவிடலாமா என்று நினைத்தேன். தைரியம் வரவில்லை. வீட்டுக்காரர் சொன்னது சரிதான் என்று எனக்கு அப்போது புரிந்தது. கப்பலில் வந்ததாக இத்தனை நாளும் அளந்தது எல்லாம் கதை. இந்த மனிதருக்குப் படகென்றால் பயம்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் இரண்டாவது முறையாகப் படகு வந்தது. அதே பச்சைப் படகு. எங்கேயோ கரண்ட் கம்பியில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னார்கள். உள்ளே இரண்டே பேர். நாலு பேருக்கும் இடம் இருந்தது. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். என் மணிக்கட்டையும் அவர் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினார். மிச்ச நுனியை அம்மாவின் கையில் சுற்றினார். தம்பி நடுவில், அவர் நெஞ்சோடு.

படகுக்காரர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "கட்டுனா பத்திரம்னு எவன் சொன்னான்? கவுந்துச்சுன்னா நாலு பேரும் ஒண்ணாப் போயிடுவீங்க சார். அவுத்துடு."

"ஒண்ணாத்தான் போவோம்" என்றார் அப்பா.

கரையில் ஒரு ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. தம்பிக்கு மருந்துப் புகை வைத்தார்கள். ராத்திரிக்குள் அவன் பிஸ்கட் கேட்டு அழ ஆரம்பித்தான். எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அங்கே மூன்றாம் வகுப்பு பெஞ்சில் அப்பாவும் அம்மாவும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வெகு நேரம் மெல்லிய குரலில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க அவர் பக்கமே திரும்பாத அம்மா, ஒரு கட்டத்தில் அவர் முதுகில் கை வைத்தாள். பயந்தவரைத் தேற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளி திறந்ததும், படகைப் பார்த்து என் அப்பா நடுங்கிய கதையை நடித்துக் காட்டி வகுப்பையே சிரிக்கவைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே நாலு அறை விடலாம் போல இருக்கிறது.

சில வருஷம் கழித்து, நாகப்பட்டினத்திலிருந்து இலங்கைக்கு மறுபடியும் கப்பல் விடுகிறார்கள் என்று டி.வி.யில் சொன்னபோது, அப்பா சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வெளியே போய்விட்டார். அப்போதுதான் அம்மா சொன்னாள். அவளுக்கே அது அந்தப் பள்ளிக்கூடப் பெஞ்சில்தான் முதல்முதலாகத் தெரிந்ததாம்.

அப்பாவின் கதையில் ரயிலில் ஐந்து பேர் இருப்பார்கள். கப்பலில் நாலு பேர்தான். அத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டும் எனக்கு அது உறைக்கவே இல்லை. ரயிலில் வருகிற அந்த அக்கா, என் அத்தை, வயது வந்தவள் என்பதால் அவளுக்குத் தனிக் காகிதம். தலைமன்னார் துறையில், அதில் ஒரு முத்திரை குறைகிறது என்று நிறுத்திவிட்டார்கள். தாத்தாவின் காகிதத்துக்கு அன்றுதான் கடைசி நாள். அத்தையே அவர்களைப் பிடித்துத் தள்ளிக் கப்பலில் ஏற்றினாளாம். "நீங்க போங்க. நான் அடுத்த கப்பல்ல வாரேன்" என்று அப்பாவின் தலையைத் தடவிவிட்டு நின்றாளாம். கப்பல் நகர்ந்த பிறகும் துறையின் முனையில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் புள்ளியாகிற வரைக்கும் பார்த்திருக்கிறார். சில வாரத்தில் அங்கே கலவரம் மூண்டது. கப்பலும் கொஞ்ச நாளில் நின்றுபோனது. போட்ட கடிதம் எதற்கும் பதில் இல்லை. தாத்தா சாகும்வரை ராமேஸ்வரம் வண்டி வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்பாராம்.

அந்தச் சாயங்காலப் படகில் நடந்த இன்னொன்றை நான் யாரிடமும் நடித்துக் காட்டியதில்லை. நடிக்க அதில் ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

படகு நகர ஆரம்பித்ததிலிருந்து அப்பா முன்பக்கம் பார்க்கவே இல்லை. உடம்பைத் திருப்பி எங்கள் வீட்டு மாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கட்டியிருந்த கையை லேசாக இழுத்து, "மாடியில யாராச்சும் நிக்கிறாங்களா பாரு" என்றார்.

பார்த்தேன். கொடியில் வீட்டுக்காரம்மாவின் நைட்டி ஒன்று நனைந்து தொங்கியது. "யாரும் இல்லப்பா" என்றேன்.

"நல்லாப் பாரு."

மறுபடியும் பார்த்துவிட்டு, "நாம நாலு பேரும் இங்கதான இருக்கோம். அங்க யாரு இருப்பா?" என்று எரிந்து விழுந்தேன்.

படகு தெருமுனை திரும்பி மாடி மறைகிற வரைக்கும் அப்பா அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தில் அப்பாவுக்கு நாங்கள் எத்தனை பேர் என்பதே மறந்துபோய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.