சங்கிலி ஜெபத்தில் என் முறை

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். புனேயில் மராத்திப் பள்ளியில் நாலாவது வரைதான் போனேன். தமிழ் எழுத்து அம்மா வீட்டில் சொல்லித் தந்தது. சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படியானால் எழுதியாவது கொடுங்கள் என்றார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு சிஞ்ச்வட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அம்மாவை வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். அப்பா மேலே போய்த் திரும்பும்வரை நான் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நிற்பேன். எது அம்மாவின் ஜன்னல் என்று தெரியாததால் எல்லா ஜன்னலுக்கும் கை காட்டுவேன். ஒருநாள் தலையில் கட்டுப் போட்ட ஒருவர் பதிலுக்குக் கை காட்டினார். வீட்டில் கொடியில் கிடந்த அம்மாவின் சேலையை யாரும் துவைத்துவிடாதபடி என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் சித்தப்பா எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த நாலைந்து குடும்பங்கள் வந்திருந்தன. சங்கிலி ஜெபம் என்றால் வட்டமாக உட்கார்ந்து கை கோத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஜெபித்து முடித்ததும் அடுத்தவர் கையை அழுத்துவார், அவர் தொடங்குவார். சித்தப்பா "தேவரீர்" என்று தொடங்கினால், முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும்.

"ஏலே, உங்கம்மாவுக்காக நீ சத்தமா ஜெபிக்கணும் பாத்துக்க. பச்சப்புள்ள கேட்டா ஆண்டவர் இல்லன்னு சொல்லமாட்டார்," என்றார் சித்தப்பா.

"அவனுக்கு வெக்கம்," என்றார் அப்பா.

"ஒங்க புள்ளதானண்ணே! ஒங்க மொற வந்தாலே டீ போடப்போறேன்னு அடுப்படிக்குள்ள போயிருவீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டு, "இன்னைக்குப் போகல," என்றார்.

சித்தி ஜெபித்து முடித்து என் கையை அழுத்தினாள். அம்மா வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அதைப் பெரியவர்களின் ஜெபத் தமிழில் சொல்லத் தெரியவில்லை. யாரோ இருமினார்கள். வியர்த்த கையால் அப்பாவின் கையை அழுத்திவிட்டேன்.

அப்பாவும் பேசவில்லை. என்னைப் போலவே அடுத்திருந்த சித்தப்பாவின் கையை அழுத்தித் தப்பித்திருக்கலாம். அதையும் செய்யவில்லை, என் கையையும் விடவில்லை. மண்ணெண்ணெயில் கழுவியும் கிரீஸ் வாசம் போகாத கை அது. விரல் வலிக்கப் பிடித்திருந்தார். பக்கத்து வீட்டு டிவியில் ஒரு மராத்திப் பாட்டு முழுதாகப் பாடி முடிந்தது. எனக்கு ஒரே பயம். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஜெபிக்கத் தெரியவில்லை, இதனாலேயே அம்மா வராமல் போய்விடுவாள் என்று. "விடுங்கப்பா, வலிக்குது," என்று முணுமுணுத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் சித்தப்பாவின் கையை அழுத்தினார். சித்தப்பா எங்கள் இருவருக்கும் சேர்த்து ஜெபித்தார்.

மூன்று வாரம் கழித்து அம்மா பாதி உடம்பாக ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். தன் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று சித்தப்பா சபையில் சாட்சி சொன்னார். நானும் அப்படியே நம்பினேன். ஆண்டவர் பேசத் தெரிந்தவர்களுக்குத்தான் என்று நினைத்து, பல வருஷம் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்பா இப்போது இல்லை. எனக்கு இன்னும் ஜெபிக்கச் சொல் வருவதில்லை. முழங்காலில் நின்று, ஆண்டவரே, உமக்குத் தெரியும் என்பேன், அதோடு நின்றுவிடும். அதுவும் அவருக்குப் போதும் என்று இப்போது நம்புகிறேன். நம்பினாலும், அப்பா அந்தக் கையால் இன்னொரு தரம் வலிக்கப் பிடிக்கமாட்டாரா என்றிருக்கும்.

அன்றைக்கு அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்தப் பாட்டு முடிந்த பிறகும் அவர் மனசுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தார் என்பதும், அதை நடுவில் நிறுத்தியது நான்தான் என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.

எழுதி முடித்தது ஆகஸ்ட் மாதம், மூன்றாம் ஞாயிறு.