இறால் ரத்தத்தில் ஒரு புரதம்

மலேசியாவின் கிள்ளான் பாசாரில் வாராவாரம் உயிருள்ள இறால் வாங்கி, அதில் ஒன்றைக்கூடச் சமைக்காதவள் நான் ஒருத்திதான். மீன் விற்கும் செல்வி அக்காவுக்கு இது தாங்கவில்லை.

“எதுக்கு டாக்டர் இத்தன உடாங்? சம்பலும் பண்ண மாட்டீங்க லா.”

“ரத்தம் எடுக்கக்கா.”

“எறாவுக்கு ரத்தமா? சும்மா வெளாடாதீங்க லா!”

நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்பதையும் அக்கா நம்பவில்லை. போன வாரம் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டார்.

இறாலுக்கு ரத்தம் உண்டு, சிவப்புதான் இல்லை. அதில் மிதக்கும் ஒரு புரதம், கிருமியின் மேலிருக்கும் சர்க்கரையைத் தொட்டே ‘இவன் நம்மவன் இல்லை’ என்று கண்டுகொண்டு இறுகப் பிடிக்கும். பிறகு ரத்த அணுக்கள் வந்து விழுங்கிவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காத, பிறவியிலேயே வந்த காவல். நம் உடம்பிலும் இந்த வகைப் புரதங்கள் உண்டு. இறாலிடமிருந்து அதைப் பிரித்துக் காட்டினால்தான் பல்கலைக்கழகம் என் ஒப்பந்தத்தை நீட்டிக்கும். இல்லாவிட்டால் பிரிக்பீல்ட்ஸ் அறையைக் காலி செய்துவிட்டுத் தூத்துக்குடிக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

மூன்று முறை தோற்றேன். புரதம் வேலை செய்தால், முயலின் சிவப்பணுக்களைக் கோத்துப் பிடித்துச் சோதனைத் தட்டின் குழியில் ஜமுக்காளம்போல் விரிக்கும். எனக்கு ஒவ்வொரு முறையும் குழியடியில் ஒரு சிவப்புப் பொட்டுதான். அப்பாவிடம் சொன்னபோது, “போதும், வந்துரும்மா” என்றார்.

இறாலில் ஊசி ஏற்றும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான். வாரம் முழுக்க வங்கியில் கையெழுத்துப் போட்டவர், ஞாயிறு காலையில் துறைமுகப் பக்கம் போய் இறால் வாங்கி வந்து அவரே ஒவ்வொன்றாக நிதானமாக உரிப்பார். குடலை ஒரே இழுப்பில் உருவுவார். “இன்னிக்கே சாப்பிட்ருவமா?” என்று அம்மா மசாலா அரைத்தபடி சீண்டுவாள். அந்த வாசனைக்கு இன்னும் ஏங்குகிறேன். நான்காம் முறையும் தோற்றால் அந்த ஞாயிறுகள் திரும்பக் கிடைக்குமே என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

தப்பு என்னுடையதுதான். புரதத்தைப் பிரித்தெடுக்க நானே ஊற்றிய சர்க்கரையை, அவசரத்தில் சரியாக நீக்கவில்லை. கைநிறையச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் புரதம் வேறு எதைப் பிடிக்கும்? மூன்று வருடமாக இந்த ஊரில் நானும் அப்படித்தானே இருக்கிறேன் என்று தோன்றியது. இந்த முறை மெல்லிய பையில் கட்டி, இரண்டு நாள் உப்புநீரை மாற்றி மாற்றி ஊறவைத்தேன்.

குழியில் ஜமுக்காளம் விரிந்தது. ஆய்வகத்தில் தனியாகக் கைதட்டினேன். அடுத்த மாதமே ஒப்பந்தம் இரண்டு வருடம் நீண்டது.

அப்பாவை அழைத்தேன். “ரொம்ப சந்தோஷம்மா” என்றார். அம்மா போனை வாங்கினாள்.

“நீ வந்துருவேன்னு நேத்துதான் ஒன் ரூமுக்கு வெள்ளையடிச்சாருடி. வாசனைகூட இன்னும் போகல.”