மரண அறிவித்தலில் நீல எழுத்து

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனம் காலையில் தேநீருக்கு முன்பே பார்ப்பது ஊரில் யார் செத்தது என்பதைத்தான். அதற்குத் தீனி போடும் செயலி ஒன்றில் எனக்கு வேலை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடி, மூன்று மேசை, ஒரு மின்விசிறி. ஓ.எல். பரீட்சை எழுதாமலே பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் 'பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட' என்பதில் தொடங்கி ஈமக்கிரியை நேரம் வரை பிழையில்லாமல் தட்டச்சு செய்வேன். பயம் மட்டும் விடாது. 'காலஞ்சென்ற' என்ற சொல் ஒரு பெயர் தள்ளி விழுந்து, உயிரோடு இருக்கிற யாரோ ஒரு மாமியைக் கொன்றுவிடுமோ என்று ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசிப்பேன்.

முதலாளிக்கு ஒருநாள் ஞானம் பிறந்தது. அறிவித்தலில் இருக்கும் சொற்களைத் தட்டினால் வேறு இடம் திறக்க வேண்டுமாம். செயலியை எழுதுகிற முஸ்லிம் பெண் மாளிகாவத்தைக்காரி. ஒரே காலையில் செய்து முடித்தாள். சொல்லைத் தெரிவுசெய்து, அதற்குள் ஒரு முகவரியையோ தொலைபேசி இலக்கத்தையோ வைத்தால், சொல் நீலமாகிக் கீழே கோடு விழும்.

"இனி மரண அறிவித்தலே ஒரு கடைத்தெரு," என்றார் முதலாளி, பெருமையாக. அவர் சொன்னதில் பிழை இல்லை.

முதல் நீல அறிவித்தல் கொட்டாஞ்சேனைச் செத்தவீடொன்றில் இருந்து வந்தது. இறந்தவரின் மனைவி என்னிடம் தொலைபேசியில் பேசினார்.

"தம்பி, என்ர நம்பரைப் போடுங்கோ. என்ர அக்கா கனடாவில. காணிப் பிரச்சினையில முகம் பார்த்தே கனகாலம். என்ர மகளின்ர கலியாணத்துக்கும் வரேல்ல. நம்பரைப் பார்த்துப் பார்த்து அடிக்கிற கண் அவவுக்கு இல்ல. தொட்ட உடன எனக்கு அடிக்க வேணும்."

"நீங்களே அவவுக்கு எடுக்கலாமே, அம்மா?"

"செத்தவீடு என்ர. அவதான் எடுக்க வேணும்."

அவர் சொன்ன இலக்கத்தை அப்படியே குறித்துக்கொண்டேன். நல்லது கெட்டதில் நல்லதுக்கு வராதவர்களும் கெட்டதுக்கு வருவார்கள். எங்கள் சனத்திடம் மிஞ்சியிருக்கும் ஒரே சமாதான ஒப்பந்தம் அது.

பிறகு லண்டனில் இருந்து அவருடைய மருமகன் அழைத்தார். 'அன்பு மருமகன்' என்பதைத் தட்டினால் அவருடைய வீடு விற்கும் நிறுவனம் திறக்க வேண்டும். 'பாசமிகு மகள்' என்றால் அவர் மனைவியின் நடனப் பள்ளி. 'அன்புப் பேரன்' என்றால் பேரப்பிள்ளை கிரிக்கெட் ஆடும் வீடியோ. எல்லாம் முடிந்ததும் பார்த்தேன். அறிவித்தலில் நீலமாகாமல் இருந்தது செத்தவர் மட்டும்தான்.

மாளிகாவத்தைப் பெண் தலையில் கைவைத்தாள். "எங்கட பக்கம் மௌத்தெண்டா அண்டைக்கே அடக்கிருவோம் அண்ணா. இவ்வளவையும் தட்டிப் பார்க்க எங்களுக்கு நேரம் காணாது."

வெளியிட முன் மூவருமாக எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தோம். மருமகனின் வீடுகள் திறந்தன. நடனப் பள்ளி சலங்கைச் சத்தத்தோடு திறந்தது. கடைசியாகக் கொட்டாஞ்சேனை இலக்கத்தை நான் தட்டினேன். முதல் மணியிலேயே அந்த அம்மா எடுத்துவிட்டார்.

"அக்கா?"

"இல்லை அம்மா. ஆப்பில இருந்து. வேலை செய்யுதோ எண்டு பார்த்தனாங்கள்."

போனை வைத்துவிட்டார்.

மறுநாள் அவரே அழைத்தார். "ஊரில உள்ளவையெல்லாம் அடிக்கினம் தம்பி. அக்கா அடிக்கேல்ல. நம்பரை வடிவாப் போட்டனீங்களோ?"

மறுபடி தட்டிப் பார்த்தேன். நல்ல வடிவாக மணி அடித்தது. "அவ பார்க்கேல்லப் போல," என்றார் முதலாளி. பார்க்காமல் இருப்பாரா? எங்கள் சனமா? எங்கேயோ பிழை விட்டிருக்கிறோம் என்று பயந்தேன். ஆனால் நான் பயப்படாத நாளே இல்லை என்பதால் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, நான் உட்பட.

அடுத்த நாள் காலை மருமகன் கொதித்துக்கொண்டு அழைத்தார். அவர் கொழும்புக்கு வந்து இறங்கியிருந்தார். "ஆரோ ஒரு மனிசி கனடாவில இருந்து என்ர லண்டன் ஒபிசுக்கு எடுத்துக் கத்தியிருக்கிறா. தங்கச்சியின்ர நம்பர் போகுதில்லையாம். எங்கட பெடியள் பாவம், உங்களுக்கு எத்தினை அறை வேணும் எண்டு கேட்டிருக்கிறாங்கள்."

அறிவித்தலைத் திறந்து பார்த்தோம். மருமகனின் நிறுவனப் பக்கத்தில் இருந்த இலக்கம் நாட்டு இலக்கத்தோடு நிமிர்ந்து நின்றது. செத்தவீட்டு இலக்கம் மட்டும் நாங்கள் உள்ளூரில் சொல்வதுபோலப் பூச்சியத்தில் தொடங்கியது. முன்னால் இலங்கையின் தொண்ணூற்று நான்கு இல்லை. வெள்ளவத்தையில் இருந்து தட்டினால் கொட்டாஞ்சேனையில் அடிக்கும். கனடாவில் இருந்து தட்டினால் எங்கேயும் அடிக்காது. உலகம் முழுக்கச் செத்தவீடு சொல்லும் செயலியை, கொழும்புக்குள் உட்கார்ந்து மூன்று பேர் சோதித்திருக்கிறோம்.

பெண் உடனே திருத்தினாள். முதலாளி என்னை மன்னிப்புக் கேட்கக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினார். ஏச்சு வாங்குவதற்கு ஏற்ற முகம் எனக்குத்தான் என்பது அவர் கணிப்பு.

நான் போனபோது ஒழுங்கை முழுக்கப் பிளாஸ்டிக் கதிரை. கிரியை முடிந்து பெட்டியைத் தூக்க ஆண்கள் குனிந்துவிட்டார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அந்த அம்மாவுக்குக் கணவரோடு மிஞ்சியிருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். அப்போது அவர் மடியில் இருந்த போன் அடித்தது. திரையைக் கண்சுருக்கிப் பார்த்துவிட்டு எடுத்தார்.

"ஏனடி," என்று ஒரு கிழக்குரல் வாசல் வரைக்கும் கேட்டது. "உன்ர மருமோன் என்னத்துக்கடி எனக்கு வீடு விக்கிறான்?"

அந்த அம்மா சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. "தூக்காதேங்கோ, பொறுங்கோ," என்று ஆண்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். "அக்கா கதைக்கிறா." போனைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள், கணவரின் காதருகே பிடித்தார். உள்ளேயிருந்து அந்தக் குரல் ஒப்பாரி வைக்கத் தொடங்கியது. குனிந்த ஆண்கள் குனிந்தபடியே நின்றார்கள்.

மருமகன் மெல்ல என் பக்கம் நகர்ந்து வந்தார். ஏச்சுத்தான் என்று நினைத்துத் தலையைக் குனிந்தேன்.

"தம்பி, என்ர லிங்கை எத்தினை பேர் தட்டியிருக்கினம்?"

"ஒராள்."

"ஒராளோ? ஆரது?"

நான் பெட்டிக்குள் அழுதுகொண்டிருந்த போனைக் காட்டினேன்.